மாடியில் ஒரு கட்டெறும்புக் குடும்பம்

திருவொற்றியூரில் மழை ஓய்ந்த ஒரு மாலை. தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சிகள். "ஈசல் வந்திருச்சு"ன்னு பிள்ளைங்க கத்தினாங்க. குனிந்து பார்த்தால் சில ஈசல் இல்லை, கட்டெறும்பு ராணிகள். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே அளவு. எறும்புக்கு முன் இறக்கை பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும். கலந்து முடிந்த ராணி இறக்கையை உதிர்த்துவிட்டுப் பொந்து தேடி ஓடும். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் எத்தனை பிழைக்கும்? ஒன்றை எடுத்துவந்தேன்.

வளர்க்கும் முறை எளிது. கண்ணாடிச் சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிப் பஞ்சால் அடையுங்கள். ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடுங்கள். வெயில் படாத இருட்டில் வையுங்கள். சாப்பாடு வேண்டாம். இனி தேவைப்படாத இறக்கைத் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும்.

நான் செய்த தப்பு, தினமும் எடுத்துப் பார்த்தது. தொந்தரவு பட்ட ராணி தன் முட்டையையே தின்றுவிட்டது. அடுத்த மழைக்குக் கிடைத்த ராணியை வாரம் ஒருமுறைதான் பார்த்தேன். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த வேலைக்காரிகளோ நாலைந்து, அதுவும் குட்டை. அதன்பிறகுதான் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, மருந்து படாத செத்த பூச்சியில் ஒரு துண்டு. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்கும். முதல் வருஷம் கூட்டம் பெருகவில்லையே என்று கவலைப்படாதீங்க. ஐரோப்பாவில் வளர்த்த ஒரு கருந்தோட்ட எறும்பு ராணி 28 ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது, அவசரம் நமக்குத்தான்.

உழவருக்கு இதில் என்ன லாபம்? அவரைக் கொடியில் கட்டெறும்பு ஏறினால் எறும்புப்பொடியைத் தேடுறோம். அது வருவது அசுவினி சுரக்கும் தேனுக்காக. தேன் தருவதால் அசுவினியைக் காவலும் காக்கும். ஆகவே அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். தேன் நின்றால் எறும்பு தானே இறங்கும். பொடி போட்டால், மண்ணைத் துளைத்துக் காற்றும் நீரும் இறங்க வழி செய்பவளையும் சேர்த்துக் கொல்கிறோம். அந்த இடத்தில் இன்னொரு குடும்பம் நிலைக்க எத்தனை மாதம் என்பதை, ஒரு குழாயை வைத்துப் பார்த்தவர் மறக்க மாட்டார்.