உறுப்பு மாறியின் வகையை அறிதல்

கணிப்பொறி நிரலில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு வகையைச் சார்ந்தது. 12 என்பது முழு எண், 12.5 என்பது தசம எண். பல வகைகளுக்கும் பொருந்துமாறு எழுதப்படுவது பொதுநிரல் ஆகும். அதனுள் மதிப்பைத் தாங்கி நிற்கும் இடமே உறுப்பு மாறி.

மழையளவைக் கூட்டும் பொதுநிரல் ஒன்றைக் கருதுவோம். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட அந்நிரலில், கூட்டுத்தொகையைத் தாங்கும் உறுப்பு முழு எண் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. முதல் நாள் 2.5 மில்லிமீட்டர் மழை. உறுப்பில் 2 மட்டுமே தங்கும். மறுநாள் 3.5 மில்லிமீட்டர், கூட்டினால் 5.5 வரும், 5 மட்டுமே தங்கும். உண்மைத் தொகையோ 6. பிழைச் செய்தி எழாமலும் போகலாம். பதிவேடு மட்டும் தவறாகும்.

இக்குறையைப் போக்க, அம்மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் ‘டெக்ல்டைப்’ என்னும் சொல் சேர்க்கப்பட்டது. இத்தகைய இரு மதிப்புகளைக் கூட்டினால் எவ்வகை கிடைக்கும் என்பதை, நிரல் இயங்குமுன்னரே மொழிபெயர்ப்பி ஆராய்ந்து, அவ்வகையையே உறுப்புக்கு அளிக்கும். தசம எண்கள் வந்தால் உறுப்பும் தசம எண்ணாகும். தொகை 6 என்றே கிடைக்கும்.

எனினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 12, 13 என்னும் முழு எண்களின் தொகையை முழு எண்ணாகிய 2 ஆல் வகுத்தால், விடை 12 என்றே வரும், 12.5 வராது. வகை சரியாக அறியப்பட்டது; கணக்கே தவறாக எழுதப்பட்டது. ஆதலின், வகையைக் கணிப்பொறியிடம் விடலாம். கணக்கின் பொருளை மாணவர் தாமே ஆராய வேண்டும். இதனை ஆசிரியர்கள் முதற்கண் வற்புறுத்துதல் நலம்.