சிறுவர் வாலிபால் லீக்: செலவைச் சுருக்க

முதலில் ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 8 அணிகள் இருந்து, எல்லாம் ஒன்றோடொன்று மோதினால் 28 ஆட்டங்கள். நான்கு நான்காக இரண்டு பிரிவு வைத்தால், அரையிறுதி, இறுதி உட்பட 15 போதும். நடுவர் படி, தண்ணீர், வாடகை எல்லாம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்கும். அதற்கும் கீழே போகாதீர்கள், பாவம்.

ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம்தான். அதனால் அரசுப் பள்ளி மைதானமே போதும்; தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பகலில் முடித்தால் விளக்கு வாடகை மிச்சம். மதிய வெயிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வலையும் பந்தும் பொதுப் பணத்தில் ஒரே முறை வாங்கி, ஒரே இடத்தில் வையுங்கள். அணிக்கு அணி புது பனியன் எதற்கு? இரண்டு நிறத்தில் எண் போட்ட மேல்சட்டை நிறத்துக்கு ஒரு செட் இருந்தால் எல்லா அணிக்கும் மாறி மாறி உதவும். துவைக்கும் முறையை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆட்டமில்லாத அணி கோட்டு நடுவர் வேலையையும் ஸ்கோர் எழுதுவதையும் பார்க்கட்டும்.

ஃப்ளெக்ஸ், ஆளுயரக் கோப்பை இரண்டும் வேண்டாம். முதலுதவிப் பெட்டியிலும் குடிநீரிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

வரவு செலவை அன்றன்றே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ரசீதோடு போடுங்கள். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையின் பெயர் மட்டும் அதில் வரவே கூடாது.