கட்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

கேள்வி: ஐயா, கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் தோட்டம். கறவை மாடு எட்டு, கன்றுகள் தனி. மக்காச்சோளம் போடுகிறோம், தட்டுக்குச் சோளம் விதைக்கிறோம், கோ 5 புல் அரை ஏக்கர் நிற்கிறது. வைக்கோலை லாரிக்காரரிடம் வாங்கிப் போர் போடுகிறோம். வெளிநாட்டு வீடியோக்களில் ஆள் உயரத்துக்குப் புல்லை உருளையாகக் கட்டி, வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்காரர், "படம் கொடுங்க, அதையே பாதி அளவுல செஞ்சு தர்றேன்" என்கிறார். கட்டுகிற மெஷின், சுற்றுகிற மெஷின் இரண்டையும் செய்யச் சொல்லலாமா?
— ஒரு வாசகர், கிணத்துக்கடவு

பதில்: சுற்றுகிற மெஷினைத் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். கட்டுகிற மெஷினைச் செய்ய வேண்டாம், வாங்குங்கள். கட்டின் அளவைப் பட்டறையில் முடிவு செய்யாதீர்கள். அது உங்கள் கட்டுத்தரையில் முடிவாக வேண்டியது.

பால் கறக்கிற கலப்பின மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) போடலாம். எட்டு மாட்டுக்கு 120 முதல் 160 கிலோ. பிளாஸ்டிக்கைக் கிழித்த நொடியிலிருந்து காற்று உள்ளே போகிறது, ஈஸ்ட்டும் பூஞ்சையும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நம் ஊர் வெயிலில் பிரித்த கட்டை அன்றைக்கோ மறுநாளோ தீர்த்தாக வேண்டும். வீடியோவில் நீங்கள் பார்த்தது ஏறக்குறைய 1.2 மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் நீளம் உள்ள கட்டு. ஈரத் தீவனமாக இருந்தால் அது 700 கிலோ வரை இருக்கும். உங்கள் மாடுகள் அதைத் தின்று முடிக்க ஐந்து நாள் ஆகும், மூன்றாம் நாளே அது சூடேறிக் கெட்ட வாடை வீசும். இப்போது மக்காச்சோள சைலேஜ் விற்பவர்கள் கட்டுகிற சிறிய உருளை 55 சென்டிமீட்டர் விட்டமும் 52 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. நன்றாக அமுக்கினால் 60 முதல் 70 கிலோ. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்தால் உங்கள் கணக்குக்குச் சரியாக வருகிறது. இரண்டு ஆள் உருட்டித் தூக்கிவிடலாம், முன்பக்க லோடர் வைத்த டிராக்டர் தேவையில்லை.

பெரிய கட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த லூபென் குடும்பம் உருளைக் கட்டு இயந்திரத்துக்கு 1910-இல் காப்புரிமை பெற்றது. அந்த யோசனையை வாங்கி அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947-இல் ரோட்டோ-பேலர் என்ற மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது கட்டியது ஒரு ஆள் தூக்கக்கூடிய சிறிய கட்டு. ஆள் உயரக் கட்டு 1971-இல்தான் வந்தது. அயோவா மாநிலத்தின் பெல்லா ஊரில் கேரி வெர்மீர் அதைச் செய்தார். கூலி ஆள் இல்லாமல், ஒற்றை ஆளாக நூற்றுக்கணக்கான ஏக்கர் புல்லை அறுத்து, மாடு மேயும் இடத்திலேயே போட்டுவிட நினைத்த பண்ணைகளுக்கான மெஷின் அது. உங்கள் தோட்டத்துக்கு 1971-ஐ விட 1947 தான் நெருக்கம்.

"பாதி அளவில்" என்று பட்டறைக்காரர் சொன்னதில்தான் பெரிய சிக்கல். விட்டத்தையும் நீளத்தையும் பாதியாக்கினால் கட்டின் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிறது, மேற்பரப்போ நான்கில் ஒரு பங்குதான் ஆகிறது. சிறிய கட்டில் தீவனத்தின் ஏறக்குறைய பாதி தோலை ஒட்டியே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 மீட்டர் கட்டில் வெளிப்புற 5 சென்டிமீட்டருக்குள் இருப்பது மொத்தத் தீவனத்தில் 23 சதவீதம். 55 சென்டிமீட்டர் கட்டில் அதே 5 சென்டிமீட்டருக்குள் 46 சதவீதம். ஆகவே பிளாஸ்டிக்கில் ஒரு ஓட்டை விழுந்தால் பெரிய கட்டு தாங்கும், சின்னக் கட்டு தாங்காது. கட்டு சின்னதாக ஆக ஆக, சுற்றுகிற வேலை துல்லியமாக ஆக வேண்டும்.

மெஷினைச் சுருக்கினாலும் சோளத்தட்டு சுருங்காது. நிலையான அறை கொண்ட பேலரில் (கட்டுகிற மெஷினில்) சுற்றிலும் இரும்பு உருளைகள் சுழலும். நடுவில் விழுகிற தீவனம் முதலில் தளர்வாகப் புரண்டு, அறை நிறைந்த பிறகுதான் வெளியிலிருந்து அமுங்கும். அதனால் நடு மெத்தென்றும் மேல் இறுகியும் வரும். பெல்ட் வைத்த மாறும் அறையில் தொடக்கத்திலிருந்தே அமுக்கம் இருப்பதால் நடுவும் கெட்டியாக வரும். காய்ந்த வைக்கோலுக்கு முதல் வகையே நல்லது, உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழி இருக்கும். சைலேஜுக்கு நடுவில் காற்று இருக்கவே கூடாது. ஆறேழு அடி நீளச் சோளத்தட்டை முழுதாக 55 சென்டிமீட்டர் அறைக்குள் விட்டால் அது மடங்காமல் குறுக்கே பாலம் போட்டு நிற்கும், இடையில் காற்று தங்கும். தட்டு ஆனாலும் மக்காச்சோளம் ஆனாலும், 2 சென்டிமீட்டர் துண்டாக வெட்டித்தான் கட்ட வேண்டும். வெட்டிய தீவனத்தை வரிசையிலிருந்து விரல்களால் அள்ளுகிற பேலர் எடுக்காது, எடுத்தாலும் உருளை இடுக்கு வழியாகச் சிந்தும். உங்களுக்கு வேண்டியது ஓரிடத்தில் நிற்கிற மெஷின். தீவனம் தட்டு வெட்டும் மெஷினிலிருந்து கன்வேயரில் ஏறி அறைக்குள் விழ வேண்டும், வலையால் கட்ட வேண்டும். சணலோ நூலோ துண்டுத் தீவனத்தைப் பிடிக்காது.

அந்த அறை மட்டும் ஏன் வாங்க வேண்டும் என்கிறேன்? ஒரு கன மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் ஈரத் தீவனத்தை அமுக்கும்போது தாங்கிகளில் விழும் சுமை, புளித்த சாறு தின்றுவிடும் இரும்பு, வலை சரியான நேரத்தில் நுழைந்து அறுபடும் அமைப்பு, இவையெல்லாம் முதல் முறையிலேயே அமைவதில்லை. ஒரு கட்டு அவிழ்ந்து போனால் 65 கிலோ தீவனம் வீண். 7.5 குதிரைத்திறன் மோட்டாரில் ஓடுகிற மெஷின்கள் சந்தையில் இருக்கின்றன. வாங்கும்போது வலை போடும் பகுதியை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சுற்றும் மெஷின் வேறு கதை. அதில் அமுக்கம் இல்லை, வேகம் இல்லை. சேனல் சட்டம், இரண்டு உருளை, கியர் மோட்டார், சங்கிலி. கோவைப் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை. அதன் இதயம் இரண்டு விகிதங்கள். அவற்றைப் பட்டறைக்காரரிடம் எழுதியே கொடுங்கள்.

முதலாவது இழுவை. ஃபிலிம் ரோலிலிருந்து வரும் தாள், கியரால் இணைந்த இரண்டு ரப்பர் உருளைகளுக்கு இடையே போக வேண்டும். இரண்டாவது உருளையின் பரப்பு வேகம் முதலாவதைப் போல 1.55 மடங்கு. 25 மைக்ரான் தாள் 55 சதவீதம் இழுபட்டு ஏறக்குறைய 16 மைக்ரானாகிக் கட்டோடு ஒட்டும். பிரேக் போட்டு இழுக்கிற மலிவான அமைப்பு வேண்டாம். ரோல் சிறுத்துக்கொண்டே வரும்போது அதில் இழுவையும் மாறிவிடும்.

இரண்டாவது, கட்டைத் தாங்கிச் சுற்றும் மேசையின் சுற்றுக்கும் கட்டு உருளுவதற்கும் உள்ள விகிதம். மேசை ஒரு முறை சுற்றும்போது கட்டு ஃபிலிம் அகலத்தில் பாதி தூரம் உருள வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டை மேல் பாதி ஏறும். உங்கள் கட்டின் சுற்றளவு 1.73 மீட்டர். 25 சென்டிமீட்டர் ஃபிலிமில் பாதி 12.5. கட்டு பாதி உருளும்போது 7 சுற்று, அதில் இரண்டு அடுக்கு முடியும். ஆறு அடுக்குக்கு 21 சுற்று. ஆனால் இழுபடும் தாள் அகலத்திலும் கொஞ்சம் குறுகும். அதை மறந்தால் இடைவெளி விழும். ஆகவே 7 என்ற இடத்தில் 8 வருமாறு ஸ்பிராக்கெட்டை அமைக்கச் சொல்லுங்கள், மொத்தம் 24 சுற்று. ஒரு கட்டுக்கு 190 கிராம் அளவில் ஃபிலிம் செலவாகும். கிலோ தீவனத்துக்கு இது பெரிய கட்டை விட இரண்டு மடங்குக்கும் மேல். இந்தச் செலவைக் குறைக்க நான்கு அடுக்கோடு நிறுத்தலாமே என்று பட்டறையிலோ கடையிலோ யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தோலை ஒட்டி இருக்கிற அந்த 46 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் பற்றி ஒன்று. மக்காச்சோளத்தை மணி பாதி பால், பாதி மாவாக இருக்கும்போது அறுங்கள். வெட்டிய தீவனத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும். விரலிடுக்கில் சாறு வழிந்தால் ஈரம் அதிகம், உடனே உதிர்ந்தால் குறைவு. கோ 5 புல்லை அறுத்தவுடனே கட்டாதீர்கள், அதில் தண்ணீர் 80 சதவீதத்தைத் தொடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குக் கிடைத்த வரம். ஆடியில் அரைநாள் வாட விட்டாலே பதம் வந்துவிடும். அறுத்த அன்றே கட்டிச் சுற்றி முடித்து, மூன்று வாரம் தொடாமல் வையுங்கள். சோளத்தை மட்டும் பூக்கும் முன்னோ, வாடிய பயிராகவோ அறுக்க வேண்டாம். இளஞ்சோளத்து நச்சு சைலேஜில் குறையும், ஆனால் முழுவதும் போய்விடும் என்று நம்பி மாட்டுக்கு வைக்க முடியாது.

சுற்றிய கட்டைக் காட்டில் விடாதீர்கள். மக்காச்சோள அடித்தட்டு ஆணிபோல் குத்தும். அதை விட மோசம் மயில். நம் பக்கம் மயில் இறங்காத தோட்டம் எங்கே இருக்கிறது? ஒரு கொத்து போதும். கட்டுத்தரைக்குப் பக்கத்தில் மண்ணை மட்டப்படுத்தி, தட்டையான முகம் கீழே இருக்கும்படி நிறுத்தி (அந்த முகத்தில்தான் அடுக்குகள் கூடுதலாகப் படிந்திருக்கும்), மேலே மீன்வலை போர்த்துங்கள். எலிக்காகச் சுற்றிலும் ஒரு அடி வெற்றிடம் விடுங்கள். வெள்ளை ஃபிலிம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுப்பு வாங்காதீர்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க உருளைக் கட்டு மெஷினில் கை போனவர்கள், உயிர் போனவர்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த மெஷினில் அடைப்பை எடுக்கப் போனவர்கள். உருளை இழுக்கிற வேகத்துக்குக் கையை எடுக்க நேரமே இருக்காது. கன்வேயர் வாயில் சிவப்பு நிறுத்துப் பொத்தான், சங்கிலிக்கெல்லாம் மூடி, அறைக் கதவு திறந்தால் மோட்டார் நிற்கும் சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாமல் மெஷினைத் தோட்டத்துக்குள் இறக்காதீர்கள். வேலைக்கு வருகிற பெண்களின் சேலை முந்தானையும் துப்பட்டாவும் அதன் பக்கமே போகக் கூடாது.

அரசு உதவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உங்கள் பகுதி அலுவலகத்தில் முன்பே விசாரியுங்கள். மானியம் கிடைப்பது அங்கீகரித்த பட்டியலில் உள்ள மெஷினுக்குத்தான். கட்டும் மெஷினை வாங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: லாரியில் வருகிற உருட்டு வைக்கோல் கட்டைப் பிரித்தால் நடுவில் கறுத்திருக்கிறது. கட்டிய மெஷினில் கோளாறா?
— வாசகி, ஆனைமலை

பதில்: மெஷினில் இல்லை அம்மா, நேரத்தில். அந்தக் கட்டுகள் நிலையான அறையில் கட்டியவை, நடு தளர்வாகத்தான் இருக்கும், ஆவி போக வழி உண்டு. அப்படியும் நடு கறுக்கிறதென்றால் ஈர வைக்கோலைக் கட்டியிருக்கிறார்கள். அறுவடை மெஷின் போன மறுநாள் காலை, பனி காயும் முன்னே பேலரை விட்டால் இப்படித்தான் ஆகும். வைக்கோலில் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்த லோடு வரும்போது நாலைந்து கட்டை எடுத்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் இறக்காமல் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே அடுக்கியிருந்தால் கடப்பாரையைப் போருக்குள் செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவுங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் அன்றே போரைப் பிரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வைக்கோல் தானாகவே தீப்பிடிக்கலாம். கறுத்த பகுதியைச் சினை மாட்டுக்கு மட்டுமல்ல, எந்த மாட்டுக்கும் போடாதீர்கள், எருக்குழிக்குப் போகட்டும். காய்ந்த வைக்கோல் கட்டுக்குப் பிளாஸ்டிக் சுற்றலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கொட்டகை போதும்.

கேள்வி: எங்கள் கொறங்காட்டில் இந்த வருடம் கொழுக்கட்டைப் புல் நன்றாக வந்திருக்கிறது. மெஷின் விட்டு உருட்டிக் கட்டலாமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மெஷின் வேண்டாம். சரளைக் கல் பேலர் விரலை முறிக்கும், வெள்வேல மரத்து முள் கட்டோடு போய் மாட்டின் வயிற்றுக்குள் சேரும். அறுத்து எடுத்தால் சாணமும் மூத்திரமும் அந்த நிலத்துக்குத் திரும்பாமல், இரண்டு மூன்று வருடத்தில் புல் மெலியும். கோடைக்குச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் கிணற்றுப் பாசனம் உள்ள இடத்தில் கல் பொறுக்கிய நிலமாகப் பார்த்து 50 சென்ட் தனியாக விதையுங்கள். பூக்கத் தொடங்கும்போது அறுத்து, இரண்டு நாள் காயவிட்டு, ஒரு முறை புரட்டி, பனி போன பிறகு வாடகைக்கு வருகிற வைக்கோல் பேலரை விட்டுக் கட்டிக்கொள்ளலாம். பேலர் விரல்கள் மண்ணைத் தொடாமல் இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.