மூத்திரப்பைக் கல்: ஆபரேஷனுக்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை

அரியலூர்ப் பக்கம் யாருக்காவது கல் என்றால் பழி முதலில் தண்ணீர் மேல்தான் விழும். சுண்ணாம்புப் பூமி, சிமென்ட் ஆலை, உப்புத் தண்ணீர் என்று காரணம் தயாராக இருக்கும். ஆனால் அறுபதைத் தாண்டிய ஆண்களின் மூத்திரப்பைக் கல்லுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்குகிறது. சிறுநீர் முழுதாக வெளியேறாமல் பையிலேயே தேங்கிக் கல்லாகப் படிகிறது. கல்லை எடுத்துவிட்டு அடைப்பை அப்படியே விட்டால் கல் திரும்ப வரும்.

முதலில் அறிகுறி. போய்க்கொண்டிருக்கும் சிறுநீர் சட்டென்று நிற்கும், உடம்பைச் சற்று அசைத்தால் மறுபடி வரும். முடிகிற நேரத்தில் குறியின் நுனியில் சுருக்கென்று வலிக்கும். சிலருக்கு ரத்தம் கலந்து போகும். நம் ஊர்ப் பெரியவர்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று வீட்டிலிருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது பரிசோதனை. வயிற்று ஸ்கேனில் கல்லின் அளவு, புராஸ்டேட்டின் அளவு, சிறுநீர் கழித்த பிறகும் பையில் தங்கும் அளவு ஆகிய மூன்றும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைகளும் வேண்டும். கிருமி இருந்தால் மருந்து கொடுத்து அடக்கிய பிறகே அறுவை. பெண்களுக்கு இந்தக் கல் அபூர்வம். வந்தால் கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா, பழைய ஆபரேஷன் தையல் உள்ளே துருத்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி முறையைத் தேர்வு செய்வது. சின்ன, நடுத்தரக் கல்லென்றால் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, லேசராலோ காற்றழுத்தக் கருவியாலோ உடைத்து, தூளைக் கழுவி எடுத்துவிடுவார்கள். வெளியே தழும்பே இருக்காது. கல் பெரிதாகவோ பலவாகவோ இருந்தால் அடிவயிற்றில் சிறு துளை போட்டு எடுப்பது வேகமானது. குறுகலான சிறுநீர்ப் பாதைக்குள் நெடுநேரம் கருவியை வைக்காமல் தப்பிக்கலாம். மிகப் பெரிய, இறுகிய கல்லுக்கும், புராஸ்டேட்டும் மிகப் பெரிதாக இருப்பவர்களுக்கும் வயிற்றைத் திறக்கும் பழைய ஆபரேஷன் இன்றும் பயன்படுகிறது. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் சிறுநீர் டியூபோடு இருக்கும் நாள்கள் கூடும், ஆஸ்பத்திரியில் தங்குவதும் நீளும்.

எந்த முறையானாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: “டாக்டர், புராஸ்டேட்டையும் அதே மயக்கத்தில் சரிசெய்துவிடலாமா?” பலருக்கு முடியும். இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்குக் கல்லை மட்டும் எடுத்துவிட்டு, புராஸ்டேட்டுக்கு மாத்திரையைத் தொடரலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அதிலும் நியாயம் உண்டு. வாழைத்தண்டுச் சாறு இந்தக் கல்லைக் கரைக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில்தான் நியாயமில்லை; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தச் சாற்றிலுள்ள பொட்டாசியம் கெடுதலும் செய்யும்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பவர்கள் அந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவே கூடாது. மயக்கத்துக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள்.

எங்கே போவது? பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. யூராலஜி மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், லேசர் வசதி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், கல் ஆபரேஷனுக்கும் புராஸ்டேட் ஆபரேஷனுக்கும் சேர்த்து அனுமதி கிடைக்குமா என்று, சேரும் முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

வீடு திரும்பிய பின் சிறுநீர் சில நாள் இளஞ்சிவப்பாகப் போவது சகஜம். கட்டி கட்டியாக ரத்தம் வந்தால் உடனே திரும்பிப் போங்கள். புராஸ்டேட்டும் செய்திருந்தால் நாலு வாரமாவது வண்டி ஓட்டுவதும், முக்கி மலம் கழிப்பதும், நெல் மூட்டை தூக்குவதும் வேண்டாம். நிரந்தரமாக டியூப் வைத்திருப்பவர்கள் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். பழைய டியூபின் நுனியிலேயே அடுத்த கல் படியத் தொடங்கும்.