பேலர் ஓட்டப் போகிறீர்களா?

காவிரிப் படுகையில் அறுவடை மிஷின் வந்தபின், களத்தில் கதிரடித்து வைக்கோல் போர் போடுகிற வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. மிஷின் கக்கிவிட்டுப் போகிற வைக்கோல் வயலிலேயே வரிசையாகக் கிடக்கும். அதை வாரி, உருட்டி, கயிறு சுற்றிக் கட்டாகத் தள்ளுவது டிராக்டருக்குப் பின்னால் இழுபடும் பேலர். கட்டுகள் லாரி ஏறிக் கேரளத்து மாட்டுக் கொட்டில்கள் வரை போகின்றன. தை, மாசியில் பேலர் ஓட்ட ஆள் கிடைப்பது அரிது. டிராக்டர் ஓட்டத் தெரிந்து, லைசென்ஸும் வைத்திருக்கிற இளைஞருக்கு இது நல்ல பருவ வேலை.

ஆனால் ஓட்டத் தெரிவது கால்பங்கு வேலைதான். வைக்கோல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தெரிவது மீதி முக்கால்.

ஈரத்தோடு கட்டிய வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். பெரிதாக அடுக்கிய ஈரப் புல்கட்டுகள் தாமாகவே தீப்பற்றுவதும் உண்டு. கட்டும்போது ஈரப்பதம் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நிம்மதி. 20 தாண்டினால் கட்டக் கூடாது. மேலாகத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேல்புறம் சலசலவென்று காய்ந்திருக்கும், மண்ணைத் தொட்டுக் கிடக்கும் அடிப்பக்கம் நசநசக்கும். வரிசையின் அடியிலிருந்து ஒரு பிடி உருவி இரண்டு கையாலும் முறுக்குங்கள். கணுவில் ஈரம் தெரிந்தால், அல்லது துவண்டுபோய் முறியாமல் இருந்தால், காத்திருங்கள். சந்தேகமாக இருந்தால் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய வைக்கோலோடு கொஞ்சம் காய்ந்த உப்பைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு கட்டிப்பட்டால் ஈரம் இருக்கிறது. உதிரியாகவே நின்றால் கட்டலாம். குத்திப் பார்க்கும் ஈரப்பத மீட்டரும் கிடைக்கிறது. சொந்தமாக ஒன்று வைத்திருக்கும் ஓட்டுநரை முதலாளிகள் எளிதில் விடமாட்டார்கள்.

தை மாதப் பனியைக் கணக்கில் வையுங்கள். விடிந்ததும் வண்டியை இறக்கச் சொல்லி நிலக்காரர் அவசரப்படுத்துவார். பனி உலரும் வரை கிரீஸ் அடிக்கிற வேலையைப் பாருங்கள். பொழுது சாய்ந்து வைக்கோலில் மறுபடி ஈரம் ஏறும்போது நிறுத்திவிடுங்கள். “இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்தவருக்கு மறு வருஷமும் அதே ஊரில் வேலை இருக்கும்.

குறுவை வேறு கதை. புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை, கூடவே மழை. நனைந்த வைக்கோலைப் புரட்டிவிடாமல் கட்ட முடியாது. ஐரோப்பாவில் புல்லை வெட்டி உலர்த்துகிறவர்கள் இதற்கென்றே டெடர் என்ற கருவியை ஓட்டுகிறார்கள். சுழலும் கைகளில் பொருத்திய ஸ்பிரிங் கம்பிகள் புல்லை அள்ளி உதறிப் பரப்பும், காற்றும் வெயிலும் உள்ளே புகும். பிறகு ரேக் என்ற வாரி அதை வரிசையாக ஒதுக்கித் தரும். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தை மட்டும் நல்ல வெயிலில் உதற மாட்டார்கள். புரதம் மிகுந்த இலையெல்லாம் நொறுங்கி உதிர்ந்துவிடும், மிஞ்சுவது காம்புதான். நம் வயல்களில் வைக்கோலைப் புரட்டி உலர்த்தும் வேலை பெரும்பாலும் ஆள் கையால்தான் நடக்கிறது. உங்கள் முதலாளியிடம் ரேக் இருந்தால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். கம்பி மண்ணைக் கீறாத உயரத்தில் நிற்க வேண்டும். மண்ணும் கல்லும் கலந்த வைக்கோலை மாடும் விரும்பாது, பேலரும் தாங்காது.

ஓட்டும் நுட்பம் ஒன்று. வைக்கோல் வரிசை பேலரின் வாயைவிடக் குறுகலாக இருந்தால் நேராக ஓட்டாதீர்கள். கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று மாற்றி மாற்றி ஊட்டினால்தான் உருளையின் இரு பக்கமும் ஒரே கனமாக வரும். ஒரு பக்கம் பருத்த கட்டு லாரியில் அடுக்க ஒத்துவராது, வியாபாரி விலையைக் குறைப்பார்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பேலருக்கு விசை தரும் பிடிஓ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. கைலி, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் அதனருகே போகக் கூடாது, பேன்ட்தான் சரி. ஷாஃப்ட்டின் மேலுறை உடைந்திருந்தால், மாற்றிய பிறகுதான் வண்டி எடுப்பேன் என்று சொல்லுங்கள். வைக்கோல் அடைத்துக்கொண்டால் பிடிஓவைத் துண்டித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வையுங்கள். ஓடும் மிஷினில் காலால் தள்ளிவிடுகிற ‘அனுபவசாலி’களிடமிருந்து அதை மட்டும் கற்காதீர்கள். சூடான பேரிங்கைச் சுற்றிச் சேரும் தூசியைத் தினமும் துடையுங்கள், தீ அங்கேதான் பிறக்கும். உயரமாக அடுக்கிய லாரி தாழ்வான மின்கம்பியின் கீழ் போனாலும் இதே ஆபத்து.

கூலி நாள்கணக்கிலா, கட்டுக்கணக்கிலா என்று முதல் நாளே பேசுங்கள். கட்டுக்கணக்கு என்றால், மழையில் நிற்கும் நாளுக்குப் படி உண்டா, கயிறும் டீசலும் யார் செலவு, எண்ணிக்கையை யார் எழுதுவது என்பதையும் கேளுங்கள். தினமும் மாலையில் கட்டு எண்ணிக்கையை எழுதி, நிலக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சொந்த மிஷின் ஆசை வரும். முதல் வருஷமே கடன் வாங்காதீர்கள். பழுது பார்க்கக் கை பழகிய பின் யோசிக்கலாம். ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர் ஆகியோருக்கு 50 விழுக்காடு வரையும், மற்ற விவசாயிகளுக்கு 40 விழுக்காடு வரையும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். முறையாகப் பயில விரும்பினால், ஆந்திரத்தின் அனந்தபுரம் பக்கம் கார்லதின்னேயில் ஒன்றிய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

வேலை கேட்பதானால் மார்கழிக்குள் கேட்டுவிடுங்கள். தை பிறந்தபின் புதியவருக்குச் சொல்லித்தர எந்த முதலாளிக்கும் நேரம் இருக்காது.