மானாவாரித் தோப்பும் பொறுமையுள்ள முதலும்

வண்டலூரினின்று வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரகடத்தைக் கடப்போர், ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்து நிற்பதைக் காண்பர். அத்தகைய தொழிற்சாலைக்கு நிலம் வாங்கிய நாள் முதல் முதல் வண்டி வெளிவரும் நாள்வரை ஆண்டுகள் சில கழியும். அதுகாறும் வரவில்லை, செலவே உண்டு. எனினும் முதலிட்டோர் கலங்குவதில்லை. அரசும் சலுகைகள் அளித்து ஊக்குகின்றது. யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது தொழிற்சாலையன்று, பழத்தோப்பு. மழை குறைந்த மேட்டு நிலத்தில் மாவோ நெல்லியோ வைக்கும் சிற்றுழவனுக்கும் இங்ஙனம் காத்திருக்கும் முதல் கிடைக்குமா என்பதே வினா.

வறண்ட நிலம் எளிதிற் கெடும் நிலம். ஆண்டுதோறும் உழுதால் மேல்மண் காற்றோடும் மழைநீரோடும் போய்விடும். ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக் கரும்பு வைத்தால் அடிநீர் வற்றும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவழியே பாலை தோன்றுமென இளங்கோவடிகள் கண்டதும் இத்தகைய கேட்டையே போலும். அந்நிலத்திற்கு மா, நெல்லி, சீதா, இலந்தை, புளி முதலிய மரங்கள் பொருந்தும். வேர் மண்ணைப் பற்றி நிற்கும். இரண்டு மூன்று கோடைகளைத் தாங்கிய கன்று பின்னர்ப் பெரிதும் மழையை நம்பியே வாழும்.

ஆயின் இடர் காலத்தில் உள்ளது. ஒட்டுமா நட்டு நான்கைந்து ஆண்டு சென்ற பின்னரே விற்கத்தக்க அளவு காய்க்கும். பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஓர் ஏக்கரில் 40 மரங்கள் நிற்கும். அந்நாற்பதும் அதுவரை உழவனிடம் உண்ணுமேயன்றி உழவனை ஊட்டா. 100 ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கி, ஐந்தாண்டு ஒன்றும் கட்டாதிருப்பின், வட்டிக்கு வட்டியேறிக் கடன் 161 ரூபாயாகும். 1998இல் தொடங்கிய உழவர் கடன் அட்டை குறைந்த வட்டிக்குப் பணம் தருவது மெய்யே. ஆனால் பயிர்க்கடன் அறுவடையானதும் திரும்ப வேண்டியது. நிலக்கடலைக்கு அது பொருந்தும், மாவிற்குப் பொருந்தாது. அக்கடனை நம்பி மரம் வைத்தவன், தவணை வந்ததும் ஊர் வட்டிக்காரனை நாடுவான். அன்றேல் நிலத்தை விற்பான்.

இவ்விடருக்கு ஒரு வழி கண்ட இடம் தென்குஜராத்து. மணிபாய் தேசாய் என்னும் காந்தியத் தொண்டர், புனாவுக்கு அணித்தான உருளிகாஞ்சனில் 1967இல் நிறுவிய பைஃப் என்னும் அமைப்பு, 1982இல் வான்ஸ்டா வட்டாரத்துப் பழங்குடி மக்களிடையே ‘வாடி’ என்னும் முறையைத் தொடங்கிற்று. (தமிழ்ச் செவிக்கு இச்சொல் நற்குறியாகப் படாது, குஜராத்தியிலோ அது சிறு தோட்டத்தின் பெயர்.) குடும்பத்திற்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர். நடுவே மாவும் முந்திரியும். வரப்பைச் சுற்றி விறகுக்கும் வேலிக்குமாகக் காட்டுமரங்கள். மரவரிசைகளின் இடையே தானியமும் பயறும் காய்கறியும். காத்திருக்கும் ஆண்டுகளில் சோறிடுவது இவ்வூடுபயிரே. கன்றும் பிற பொருளும் பெரிதும் நன்கொடையாக வரும். குழி தோண்டலும் நீரூற்றலும் குடும்பத்தின் உழைப்பு. அதே 1982இல் பிறந்த நபார்டு வங்கி இம்முறையை மேற்கொண்டு, 1995இல் ஜெர்மானிய வங்கியொன்றின் துணையோடு குஜராத்தில் விரிவாக்கி, 2003-04இல் பழங்குடியினர் வளர்ச்சி நிதியை அமைத்துப் பிற மாநிலங்களுக்கும் கொண்டுசென்றது. தமிழ்நாட்டு மலையூர்களும் அவற்றுள் அடங்கும்.

இனி ஒரகடத்திற்கு மீள்வோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர இலாபம் பெறும் கம்பெனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலப் பணிக்குச் செலவிட வேண்டுமென்கின்றது. கிராம வளர்ச்சியும் இயற்கைவளம் காத்தலும் அப்பணிகளுட் சேரும். ஆகவே தோப்புக்கு வேண்டிய பொருள் இச்சாலையோரத்திலேயே பிறக்கின்றது எனலாம். ஆனால் தான் இயங்கும் ஊர்ப்புறத்திற்குக் கம்பெனி முதலிடம் தரவேண்டும் என்பதும் அப்பிரிவின் சொல். அது கட்டாயமன்று என அரசு விளக்கியிருப்பினும், பொருள் தொழிற்சாலையின் நிழலிலேயே தங்க விழையும். நிலம் மனைவிலைக்குப் போகும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஐந்தாண்டு காத்து மாம்பழம் பறிப்பவர் யார்? இராமநாதபுரத்துக்கும் தருமபுரிக்குமன்றோ அப்பொருள் செல்ல வேண்டும்!

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. விதிகளின்படி, தொடர்பணி எதுவும் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. கூட்டினால் நான்காண்டு. மா காய்க்கத் தொடங்கும் வேளையிற் பொருள் தந்தவன் கணக்கை முடித்துப் புறப்படுகின்றான்.

ஆதலின் கம்பெனிப் பொருளைக் குழி, கன்று, மண்வரப்பு, பண்ணைக்குட்டை ஆகிய முதல் வேலைகளுக்கே ஒதுக்குதல் நன்று என்பது எம் கருத்து. வங்கிக் கடனின் முதல் தவணை காய்ப்புத் தொடங்கிய ஆண்டிலேயே விழவேண்டும். இடைக்காலத்துக்குப் பெரியகுளத்தார் தந்த ‘பி.கே.எம். 1’ செடிமுருங்கை உண்டு; விதைத்து ஆறு மாதத்திற் காய்க்கும். சொட்டுநீர்க் குழாய்க்குத் தமிழ்நாட்டரசு சிறு, குறு உழவர்க்கு முழு மானியமும் ஏனையோர்க்கு நூற்றுக்கு 75 பங்கும் தருகின்றது. ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மட்டும் கடன் தருவோர் கை நீளாதிருத்தல் வேண்டும். அடிநீரை இறைத்து வளர்த்த தோப்பு அடுத்த கொல்லைக்காரன் கிணற்றை வற்றச்செய்யும். நட்ட கன்றுகளை எண்ணிப் பொருள் தருவதும் தவறு. மூன்றாம் கோடை கழிந்தபின் உயிரோடு நிற்பவற்றையே எண்ணவேண்டும்.

காய்த்த பின்னரும் கவலை தீராது. கிருஷ்ணகிரியில் விளையும் பெங்களூரா மாவைப் பெரிதும் வாங்குவன பழக்கூழ்த் தொழிற்சாலைகள். விளைச்சல் மிகுந்த ஆண்டில் விலை பறிகூலிக்கும் காணாது. 2020இல் நடுவணரசு அமைத்த வேளாண் உட்கட்டமைப்பு நிதி, கிடங்கு, குளிரறை முதலியவற்றுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனில் நூற்றுக்கு மூன்று பங்கு வட்டியை ஏழாண்டுவரை அரசு தாங்குமென விதித்தது. ஓர் ஏக்கர்க்காரன் தனியே குளிரறை கட்டான். நாற்பது ஐம்பது தோப்புக்காரர் சங்கமாகச் சேர்ந்து கேட்டாலன்றி அந்நிதி அவர்கள் ஊருக்கு வராது.