கேட்டுப் படிப்போர்க்குப் பாடம் எழுதுதல்



யான் செய்த பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன். என் ஊர் புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனம். பத்மாவதித் தாயாரின் திருமணம் நிகழ்ந்த இடமென்று அடியார் போற்றும் ஊர் அது. அங்கே எங்கள் தெருத் தம்பி ஒருவன், பிறவியிலேயே பார்வையற்றவன், இணையவழியே பொருளாதாரம் படிக்கின்றான். சென்ற விடுமுறையில் அவனுக்கு உதவ எண்ணி, என் பழைய குறிப்பேட்டின் நாற்பது பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கோப்பாக்கி அனுப்பினேன். மறுநாள் அவன், "அண்ணா, நீங்க அனுப்பினதுலே ஒண்ணுமே இல்லையே" என்றான். எனக்குச் சிறிது சினமே வந்தது. நாற்பது பக்கம் அன்றோ அனுப்பினேன்!

அவன் சொன்னதே சரி. பார்வையற்றோர் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளால் கேட்டுப் படிக்கின்றனர். தம்பி வைத்திருப்பது என்.வி.டி.ஏ. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் தே என்பவரோடு சேர்ந்து வளர்த்தது, இருவருமே பார்வையற்றவர்கள். விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழும் பேசும். ஆனால் அது பக்கத்தைப் பார்ப்பதில்லை. எழுத்து ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை அறிந்தே ஒலிக்கின்றது. நிழற்படத்தில் எழுத்தெண் ஏது? நம் கண்ணுக்கு நாற்பது பக்கம். அதற்கு வெறும் வெளி.

சரி, தட்டெழுதியே தருவோம் என்று, யான் பழகிய பாமினி எழுத்துருவில் இரண்டு பக்கம் தட்டெழுதினேன். இது முன்னதினும் கேடாயிற்று. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தெண்களின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. போர்வையைக் கணினி காணாது. 'அம்மா' என்று யான் எழுதியதை எழுத்தெழுத்தாகக் கேட்டால், 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வருகின்றது! தம்பி சிரித்துவிட்டான், நானும் சிரித்தேன். தேர்வு நெருங்கியபின் இச்சிரிப்பு வருமா?

யூனிகோடு முறையில் தட்டெழுதினால் இத்தொல்லை இல்லை. அதிலும் கவனம் வேண்டும். 'எ' என்னும் எழுத்தும், தமிழ் எண் ஏழாகிய '௭' என்பதும் வடிவில் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றிருக்க மற்றொன்றைத் தட்டினால் படிப்பவர் அறியார். கேட்பவர் காதில் சொல்லின் நடுவே 'ஏழு' வந்து விழும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறுவதும் இத்தகையதே. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகளை நம்புவோர் இவ்விடத்தில் இருமுறை பார்த்தல் நன்று.

தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊரில் பிறந்தவனாதலின், ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. 1951-இல் வகுக்கப்பெற்ற பாரதி பிரெயில் முறையில் தமிழ்க் ககரத்துக்கும் தெலுங்குக் ககரத்துக்கும் புள்ளிகள் ஒன்றே: ஒன்றாம் புள்ளி, மூன்றாம் புள்ளி. கண் பிரித்ததை விரல் சேர்த்துவிட்டது!

இனிப் படங்கள். என் குறிப்பில் 'படம் 3 காண்க' என்றிருந்தது. தம்பி எங்ஙனம் காண்பான்? 'தேவைக் கோடு' என்று பெயர் மட்டும் இட்டாலும் போதாது. 'விலை ஏறத் தேவை குறைவதைக் காட்டும் கோடு; இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரிகின்றது' என்று எழுதினேன். எழுதும்போதுதான் அப்படத்தை யானே முதன்முறையாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் ஒப்புகின்றேன். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. கோப்பில் 'தலைப்பு' என்றே குறிக்க வேண்டும். அப்போதுதான் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். காது கேளாதோர்க்கு ஒளிப்பாடத்தின்கீழ் எழுத்து வேண்டும். தானே எழுதும் கருவி தமிழில் தடுமாறுவதால் ஒருவர் திருத்தித் தருதல் கட்டாயம்.

இத்தனை உழைப்பு எதற்கு, பாடத்தை வெளியிடாமலே இருக்கலாமே என்பார் உளர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 2017-இல் அதையே செய்தது. செவிப்புலன் குன்றியோர்க்குப் பயன்படவில்லை என்ற முறையீடு எழவே, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஒலி, ஒளிப் பாடங்களைப் பொதுமக்கள் பார்வையினின்று எடுத்துவிட்டது. முறையிட்டவர்க்கும் பயனில்லை, பிறர்க்கும் இல்லை. நம் நாட்டில் சட்டம் துணை நிற்கின்றது. 2012-இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை வேறு வடிவில் ஆக்க இடந்தருகின்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு வடிவங்களையும் தழுவியது. இணைய அணுக்கம் வாழ்வுரிமையின் பகுதியென்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டம் வந்து தட்டெழுதித் தராது.

தம்பியின் தேர்வுக்கு இன்னும் இருபது நாள் இருக்கின்றது. நாற்பதில் இருபத்திரண்டு பக்கம் முடிந்தது. எஞ்சிய பதினெட்டில் ஆறு படங்கள். மன்றத் தோழர் எவரேனும் மாலையில் ஒரு மணி நேரம் தருவதாயின், விடுதியில் என் அறைக்கு வருக. தட்டெழுத்து விரைவு வேண்டியதில்லை.